வாசகர் கேள்வி பதில்: குடியிருப்புத் தெருக்களில் வேகமும் பாதுகாப்பும்

குடியிருப்புத் தெருக்களில் வாகன வேகத்தைக் குறைப்பது பற்றியும், பாழடைந்த குடியிருப்புப் பகுதிகளைச் சீரமைப்பது பற்றியும் வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. பலரும் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் தரப்படவில்லை.

கேள்வி: எங்கள் தெருவின் இரு முனைகளிலும் ‘மெதுவாகச் செல்லவும், குழந்தைகள் நடமாடும் பகுதி’ என்று பலகை வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு வேகத்தடையும் போட்டாகிவிட்டது. ஆயினும் வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடைக்கு எதிர்வீட்டுக்காரரோ இரவில் சத்தம் தாங்கவில்லை, அதை எடுத்துவிடுங்கள் என்கிறார். பலகையை மதிக்காத ஓட்டுநர்களைத் திருத்த வழி உண்டா?
— குடியிருப்போர் சங்கச் செயலர்

பதில்: பலகையைப் படித்து வேகத்தை முடிவு செய்யும் ஓட்டுநர்கள் மிகச் சிலரே. கண்முன் விரியும் சாலை எவ்வளவு அகலம், எவ்வளவு நேர், எவ்வளவு தொலைவுக்குத் தடையின்றித் தெரிகிறது என்பதைக் கொண்டே அவர்களது கால் அழுத்துகிறது. அந்தக் கணக்கை அவர்கள் அறிந்து போடுவதும் இல்லை. அகலமான நேர்த்தெருவை அமைத்துவிட்டு அதன் முனையில் ‘மெதுவாக’ என்று எழுதிவைத்தால், தெரு ஒன்று சொல்கிறது, பலகை வேறொன்று சொல்கிறது. ஓட்டுநர் தெருவின் பேச்சையே கேட்கிறார். ஆகவே ஓட்டுநரைத் திருத்தும் முயற்சியை ஒத்திவைத்து, தெருவின் வடிவத்தைத் திருத்துவது பற்றி உங்கள் சங்கம் யோசிக்கத் தொடங்கலாம்.

வேகத்தடையைப் பொறுத்தவரை உங்கள் எதிர்வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல தெருக்களில் போடப்படுவது அரை அடி, ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக எழும் குட்டை மேடு. அதன் கேடு என்னவென்றால், மெதுவாக வருபவரை அது நன்றாகவே குலுக்கும். வேகமாக வரும் காரிலோ குலுக்கலின் பெரும்பகுதி சக்கரத்திலும் ஸ்பிரிங்கிலும் அடங்கிவிடுவதால், உள்ளே இருப்பவருக்கு அது குறைவாகவே உறைக்கும். அதாவது, யாரைத் தடுக்க வேண்டுமோ அவருக்குச் சலுகை. இருசக்கர வண்டியில் மெல்ல வரும் முதியவருக்குத் தண்டனை. இங்கிலாந்தின் அரசுச் சாலை ஆய்வுக்கூடத்தில் 1970களில் இந்தச் சிக்கலை ஆராய்ந்து, பயணத் திசையில் சுமார் 3.7 மீட்டர் நீளமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வில்லின் வளைவாக மெல்ல ஏறி இறங்கும் மேட்டை வடிவமைத்தார்கள். வேகம் கூடக்கூட இதில் அசௌகரியமும் கூடும். மெதுவாகச் செல்பவர் ஏறியதும் இறங்கியதும் தெரியாமல் கடந்துவிடுவார். பின்னர் பல நாடுகளின் சாலை விதிகளில் இடம்பெற்ற வட்ட மேடுகளுக்கு முன்மாதிரி இதுவே.

அடுத்தது, ஒற்றை வேகத்தடை என்பது ஏறத்தாழப் பயனற்றது. அதற்கு முன் பிரேக்கை மிதிப்பதும், கடந்ததும் இழந்த நேரத்தைப் பிடிக்க முடுக்குவதும் ஓட்டுநர்களின் வழக்கம். இரவில் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி அந்த முடுக்கலும், சரக்கின்றிக் காலியாகச் செல்லும் வண்டிகளின் தகரம் அதிர்வதும்தான். 60 முதல் 100 மீட்டர் இடைவெளியில் தொடர்ச்சியாக மென்மேடுகள் அமைந்தால் இடையில் முடுக்குவதில் பொருளில்லை என்று ஆகிவிடும். வேகம் சீராகும், சத்தமும் குறையும்.

மேடு ஒன்றே வழி என்றும் எண்ண வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தைச் சிறிது தூரம் இடப்பக்கமும் சிறிது தூரம் வலப்பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கினால் நேர்த்தெரு வளைந்து செல்லும் தெருவாகிவிடும். சந்திப்புகளில் நடைபாதையை வெளியே நீட்டினால் தெருவைக் கடப்பவர் நடக்க வேண்டிய தூரம் குறைவதோடு, திரும்பும் வண்டியும் வேகத்தைத் தணித்தே ஆக வேண்டும். சந்திப்பு முழுவதையும் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது செலவு கூடியது. ஆனால் பள்ளி வாசல் போன்ற இடங்களில் அந்தச் செலவு தகும்.

கேள்வி: வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 ஆகக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். வெறும் 20 கிலோமீட்டர் வேறுபாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா?
— தினமும் கார் ஓட்டுபவர்

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்தபின் நீங்களே முடிவு செய்யலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் முன் ஒரு குழந்தை ஓடிவந்தால், அதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 5 மீட்டர். ஆக, சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் கடந்திருக்கும். முதல் வண்டி முழுமையாக நின்றுவிட்ட அந்த இடத்தில் இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் பிரேக்கை இன்னும் தொட்டிருக்கவே மாட்டார். அது நிற்பதற்கு மொத்தம் 28 மீட்டர் வேண்டும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50இல் அது 30இல் உள்ளதைப் போல் சுமார் 2.8 மடங்கு.

இழப்பு எவ்வளவு என்றும் பார்ப்போம். உங்கள் வீட்டிலிருந்து பெருஞ்சாலை வரை 400 மீட்டர் என்றால், 50இல் 29 நொடியும் 30இல் 48 நொடியும் ஆகும். இருபது நொடிக்கும் குறைவான இந்த வேறுபாட்டுக்கே இவ்வளவு எதிர்ப்பு எழுகிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் முக்கியச் சாலைகள் நீங்கலாக நகர் முழுவதும் 30 என்ற வரம்பை 1992இலேயே கொண்டுவந்தது. ஸ்பெயின் 2021இல், ஒவ்வொரு திசையிலும் ஒரே தடம் கொண்ட நகரத் தெருக்கள் அனைத்துக்கும் அதைப் பொது விதியாக்கியது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் நாடு மணிக்கு 20 மைல் என்ற வரம்பைக் குடியிருப்புப் பகுதிச் சாலைகளுக்கு விதித்தபோது, அதை எதிர்த்த மனுவில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எந்தெந்தச் சாலைகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்ற வழிகாட்டுதலை அரசு மறுஆய்வு செய்ய நேர்ந்தது. நல்ல விதியாக இருந்தாலும், எந்தத் தெருவுக்கு எதற்காக என்று முன்கூட்டியே விளக்காமல் ஒரே நாளில் விதித்தால் இத்தகைய எதிர்ப்பு வரத்தான் செய்யும்.

கேள்வி: எங்கள் தெருவில் வேகக் கட்டுப்பாடு கோரி மனுக் கொடுத்தோம். ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் தெருவில் ஒரு விபத்தும் பதிவாகவில்லை, ஆகவே முன்னுரிமை இல்லை’ என்று பதில் வந்தது. விபத்து நடந்த பிறகுதான் கேட்க வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: விபத்துப் பதிவேட்டை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை அளப்பதன் குறையை உங்களுக்கு வந்த பதில் நன்றாகவே காட்டுகிறது. ஒரு தெருவில் விபத்து நடக்காததற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று, தெரு பாதுகாப்பானது. மற்றொன்று, அது மிகவும் ஆபத்தானது என்று தெரிந்து பெற்றோர் குழந்தைகளை வெளியே விடுவதில்லை, முதியவர்கள் மாலை நடையை நிறுத்திவிட்டார்கள், சைக்கிள்கள் பரணில் ஏறிவிட்டன. பதிவேட்டில் இரண்டும் சுழியம்தான்.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 1971இல் அங்கே 7, 8 வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றித் தாமாகவே பள்ளிக்குச் சென்றார்கள். 1990இல் அவ்வாறு சென்றவர்கள் 9 விழுக்காட்டினர். அதே காலத்தில் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு அதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டது. உண்மையில் குழந்தைகள்தாம் சாலையிலிருந்து அகற்றப்பட்டிருந்தார்கள் என்பதே ஆய்வாளர்களின் வாதம்.

விபத்துக் கணக்கில் சேராத இழப்பு வேறொன்றும் உண்டு. நகர வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில், மற்ற வகைகளில் ஒத்திருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு சுமார் 2,000 வண்டிகள் கடக்கும் தெருவில் வசிப்பவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் கடக்கும் தெருவில் அது ஒன்றுக்கும் குறைவு. எதிர்வரிசை வீட்டினரோடு பேச்சு அறுந்துபோனதையும், மக்கள் தெருப்பக்க அறைகளையே பயன்படுத்தாமல் விட்டதையும் அவர் பதிவு செய்தார். 1982இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி ஆப்பிள்யார்ட் இறந்துபோனது கொடுமை.

உங்கள் அடுத்த மனுவில் விபத்து எண்ணிக்கைக்குப் பதிலாக, எத்தனை குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள், எத்தனை முதியவர்கள் தெருவைக் கடக்கத் துணை தேடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்து இணையுங்கள். மறுப்பு எழுதும் அலுவலருக்கு அதைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதாக இராது.

கேள்வி: வழிகாட்டும் செயலிகள் வந்தபின், பெருஞ்சாலையில் நெரிசல் என்றால் அத்தனை வண்டிகளும் எங்கள் தெருவழியே திருப்பிவிடப்படுகின்றன. தெருவை அடைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி அடைத்தால் நெரிசல் அடுத்த தெருவுக்குத்தானே போகும்?
— கணினித் துறைப் பணியாளர்

பதில்: உங்கள் தெருவை மட்டும் அடைத்தால் அப்படித்தான் ஆகும். இணையாகச் செல்லும் அடுத்த தெரு உங்கள் துன்பத்தை ஏற்கும். அங்குள்ளவர்கள் உங்கள் மீது கோபப்படுவார்கள். ஆகவே தெருவை அலகாகக் கொள்ளாமல், நாற்புறமும் பெருஞ்சாலைகள் சூழ்ந்த வட்டாரம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும். 1963இல் பிரிட்டிஷ் அரசுக்குக் காலின் புகேனன் தலைமையிலான குழு அளித்த அறிக்கை இதை மருத்துவமனையின் அமைப்போடு ஒப்பிட்டது: நோயாளிக் கூடங்களும் அறுவை அரங்குகளும் கொண்ட மருத்துவமனையில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக நடைவழி இருக்கிறது, யாரும் நோயாளிக் கூடத்தின் குறுக்கே நடந்து போவதில்லை.

நடைமுறையில் இதற்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. தெருவின் நடுவே ஓரிடத்தில் பூந்தொட்டிகளையோ இரும்புத் தூண்களையோ நிறுத்தி, நடப்பவரும் சைக்கிளும் கடக்கலாம், கார் கடக்க முடியாது என்று ஆக்கிவிடுவது. அந்த வட்டாரத்தின் எந்த வீட்டுக்கும் காரில் போகலாம். ஆனால் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற முடியாது. பார்சிலோனாவின் ‘பெருங்கட்டம்’ திட்டம் இந்த எண்ணத்தின் பெரிய வடிவம்: மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டடத் தொகுதிகள், ஒவ்வொரு பக்கமும் சுமார் 400 மீட்டர், கடந்து செல்லும் போக்குவரத்து வெளிவட்டத்தில் மட்டும், உட்தெருக்களில் மணிக்கு 10 கிலோமீட்டர். 2016இல் போப்லநோ பகுதியில் அதைத் தொடங்கியபோது அங்கே வசித்தவர்களில் ஒரு பகுதியினரே எதிர்த்தார்கள். தெருநடுவே மரங்களும் இருக்கைகளும் விளையாட்டிடங்களும் வந்தபின் அந்த எதிர்ப்பு பெரிதும் தணிந்தது.

நெரிசல் முழுவதும் வேறு சாலைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. வண்டிகளுக்கான இடம் குறைக்கப்பட்ட 70 இடங்களுக்கு மேல், 11 நாடுகளில் ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, பாதியிடங்களில் சுற்றுவட்டாரச் சாலைகளையும் சேர்த்துப் பார்த்தபோதே மொத்தப் போக்குவரத்து 11 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததைக் கண்டது. சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் பேருந்துக்கு மாறினார்கள், சிலர் இரண்டு பயணங்களை ஒன்றாக்கினார்கள். எனினும் எல்லா இடங்களிலும் அப்படி நடந்துவிடவில்லை. பெருஞ்சாலை ஓரத்திலும் மக்கள் வசிக்கிறார்கள். பெரும்பாலும் வாடகை குறைவு என்பதால் அங்கே தங்கியவர்கள். உள்தெருவின் அமைதிக்காக அவர்களது மூச்சுக்காற்றைக் கெடுக்கும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தச் சாலையில் பேருந்துத் தடம், பாதுகாப்பான கடவை, நிழல் மரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் மனுவே நேர்மையானது.

கேள்வி: மேடுகளும் தூண்களும் வைத்தால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எப்படி வரும்?
— இதய நோயாளியின் மகன்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி, திட்டம் வரையும்போதே கேட்க வேண்டிய கேள்வியும்கூட. உயர்மேடு ஒவ்வொன்றும் பெரிய வண்டியைச் சில நொடிகள் தாமதப்படுத்துவது உண்மை. அவசர வண்டிகள் வழக்கமாகச் செல்லும் தெருக்களில், சாலை முழு அகலத்துக்கும் மேடு போடாமல் இடைவெளிவிட்டுச் சிறு திண்டுகளாகப் போடுவார்கள். காரின் சக்கரம் திண்டின் மேல் ஏறியே தீரும். தீயணைப்பு வண்டியின் சக்கர இடைவெளி அகலமானது என்பதால் திண்டை இருபுறமும் அணைத்துக்கொண்டு வேகம் குறையாமல் சென்றுவிடும். தூண்களைச் சாவி கொண்டு மடக்கும் வகையில் வைத்து, சாவியை நிலையங்களில் கொடுத்துவைப்பதும் வழக்கம். ஒழுங்கின்றி இருபுறமும் நிறுத்தப்பட்ட கார்கள்தாம் இன்றைக்கு ஆம்புலன்ஸை அதிகம் மறிக்கின்றன. மேட்டை எதிர்ப்பவர்கள் அதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

கேள்வி: நடைபாதை, சாலை என்ற பிரிவே இல்லாமல் ஒரே தளமாக ஆக்கிவிட்டால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து நிதானமாகச் செல்வார்கள் என்று படித்தேன். எனக்குப் பார்வை இல்லை. நான் யாரைப் பார்த்து நிதானிப்பது?
— கைத்தடியுடன் நடப்பவர்

பதில்: நீங்கள் படித்த கருத்துக்கு வரலாறு உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ‘வூனெர்ஃப்’ எனப்படும் தெருக்கள் உருவாயின: மரங்களும் இருக்கைகளும் மணற்பரப்புகளும் இடையிடையே அமைய, நடப்பவருக்கே முதலுரிமை, வண்டிகள் நடைவேகத்தில் மட்டும். 1976இல் அந்நாட்டுச் சட்டம் இதை ஏற்றது. அந்தக் காலத்தில் நெதர்லாந்து இன்று நாம் எண்ணுவதுபோல் இருக்கவில்லை. 1971இல் அங்கே சாலையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடியதன் பின்னணியில்தான் இந்த மாற்றங்கள் வேகம் பெற்றன. 2023இல் அங்கே சாலை உயிரிழப்பு 684. நல்ல தெருக்கள் அந்த மண்ணின் பண்பாட்டால் தாமே முளைத்தவை என்று சொல்வோருக்கு இந்த எண்கள் போதும்.

குறைந்த வண்டிகள், நடைவேகம் என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறும் சிறு தெருவில் வூனெர்ஃப் சிறப்பாக வேலை செய்கிறது. பின்னர், நெதர்லாந்துப் பொறியாளர் ஹன்ஸ் மொண்டர்மன் போன்றோரின் சோதனைகளைப் பின்பற்றி, ஒரே தளம் என்ற உத்தியைப் பிற நாடுகள் பரபரப்பான சந்திப்புகளுக்கும் கடைவீதிகளுக்கும் நீட்டித்தன. அங்கேதான் உங்களைப் போன்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கண்ணோடு கண் நோக்கி வழிவிடுவது என்ற அடித்தளமே பார்வையற்றவரைக் கணக்கில் எடுக்காதது. ஓசையின்றி வரும் மின்வண்டிகள் அதை இன்னும் மோசமாக்கின. பார்வையற்றோர் அமைப்புகளின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின், 2018இல் பிரிட்டிஷ் அரசு, நடைபாதைப் பிரிவில்லாத இத்தகைய புதிய திட்டங்களை நிறுத்திவைக்குமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

உங்கள் பகுதியில் இத்தகைய திட்டம் பேசப்பட்டால் நீங்கள் கேட்க வேண்டியவை: வண்டி நுழையவே முடியாத, தொடர்ச்சியான ஒரு நடைபட்டை, அதன் விளிம்பு கைத்தடிக்குத் தட்டுப்படும் உயரம் (60 மில்லிமீட்டருக்குக் குறைந்த விளிம்பை உறுதியாகக் கண்டறிய முடிவதில்லை என்று இங்கிலாந்தில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்), கடக்குமிடங்களில் பாதத்துக்குத் தெரியும் புள்ளிக்கற்கள். இந்தப் புள்ளிக்கற்கள் 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்இச்சி மியாகேயின் கண்டுபிடிப்பாக முதலில் பதிக்கப்பட்டவை. அழகுக்காகத் தரையின் நிறத்தோடு நிறமாக அவற்றைப் பதிக்கும் கட்டடக் கலைஞர்களையும் எச்சரித்து வையுங்கள். மங்கலான பார்வை உள்ளவருக்கு நிறவேறுபாடும் தேவை.

கேள்வி: வண்டி நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு நடைபாதையை அகலப்படுத்தினால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று அஞ்சுகிறேன்.
— தெருமுனைக் கடைக்காரர்

பதில்: காரில் வருபவர்கள் கடைக்காரரின் கண்ணில் நன்றாகப் படுகிறார்கள், நிறுத்த இடமில்லை என்று அவர்கள்தாம் வாய்விட்டுக் குறைகூறுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் வெளியான ஆய்வில், தங்கள் வாடிக்கையாளரில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கணித்தார்கள். வந்தவர்களையே கேட்டபோது 22 விழுக்காடுதான். உங்கள் கடைக்கும் இதே விகிதம் என்று நான் சொல்லவில்லை. கனமான பொருள் விற்பவரின் நிலை வேறு. ஒரு வாரம் வருபவர்களிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். சரக்கு இறக்க ஒரு வண்டிக்கு இடம் ஒதுக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, காலி மனைகளில் குப்பை, தெருவிளக்கு எரிவதில்லை. மறுசீரமைப்புத் திட்டம் வருகிறது என்றதும் எல்லோரும் மகிழ்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தெரு அழகானால் வாடகை ஏறும். நாங்கள்தான் காலி செய்ய வேண்டியிருக்கும். தவறாக நினைக்கிறேனா?
— வாடகை வீட்டில் வசிக்கும் குடும்பத் தலைவி

பதில்: இல்லை அம்மா. நீங்கள் சொல்வது பல நகரங்களில் நடந்திருக்கிறது. மரமும் விளக்கும் நடைபாதையும் வந்தால் இடத்தின் மதிப்பு உயர்கிறது. உயர்ந்த மதிப்பு மனைக்குச் சொந்தக்காரரிடம் சேர்கிறது. அவர் வேறிடத்தில் வசித்தாலும் சரி. அத்தனை ஆண்டுகள் இருட்டிலும் குப்பையிலும் குடித்தனம் நடத்தியவர், விளக்கு எரியத் தொடங்கும்போது வெளியேறுகிறார்.

அதற்காகத் தெருவைப் பாழாகவே வைத்திருப்பதும் தீர்வாகாது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைத் தூய்மைப்படுத்திப் புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கிக் குற்றங்கள் 29 விழுக்காடு குறைந்ததை 2018இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. செலவு மிகக் குறைவு. பெரிய கட்டடமோ வணிக வளாகமோ வரவில்லை. யாரும் வெளியேற வேண்டியிருக்கவும் இல்லை. உங்கள் பகுதியிலும் முதலில் கேட்க வேண்டியது இத்தகைய சிறு வேலைகளையே.

பெரிய திட்டம் வரும்போது காப்பு என்னவென்றால், நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதி மக்கள் 1984இல் அமைப்பாகத் திரண்டபோது அவர்களது முதல் போராட்டம், வெளியாட்கள் தங்கள் காலி மனைகளில் குப்பை கொட்டுவதை எதிர்த்துத்தான். 1988இல், கைவிடப்பட்ட மனைகளைப் பொதுப்பயனுக்காகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அவர்களது அமைப்புக்கு மாநகரம் அளித்தது. அந்த நிலம் தனியாருக்கு விற்கப்படாமல் சமூக நில அறக்கட்டளையிடம் வைக்கப்பட்டது. வீட்டை வாங்குபவர் கட்டடத்துக்கு மட்டுமே உரிமையாளர். விற்கும்போது வரம்புக்குட்பட்ட விலைக்கே விற்க வேண்டும். சுற்றிலும் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த 200க்கு மேற்பட்ட வீடுகள் எளியவரின் கைக்கு எட்டுவதாகவே இருந்துவருகின்றன.

லிவர்பூலின் கிரான்பி பகுதியின் கதையும் உங்களுக்குத் துணிவு தரும். 1981 கலவரத்துக்குப் பின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக, பலகை அடித்து மூடி, இடிக்கவும் தொடங்கினார்கள். எஞ்சியிருந்த சில குடும்பத்தினர், பெரும்பாலும் பெண்கள், தெருவைத் தாமே கூட்டி, மூடிய வீடுகளின் முகப்பில் வண்ணம் தீட்டி, செடி வைத்து, மாதச் சந்தை நடத்தினார்கள். 2011இல் சமூக நில அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொண்டு பத்து வீடுகளைப் புதுப்பிக்கப் பெற்றார்கள். அவர்களோடு பணியாற்றிய ‘அசெம்பிள்’ என்ற வடிவமைப்புக் குழுவுக்கு 2015இல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. பரிசு வந்த பிறகே பலர் அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். அதற்கு முன் பல ஆண்டுகள் துடைப்பமும் வண்ணத் தூரிகையும் பிடித்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தாம்.

திட்டம் பற்றிய கூட்டம் எப்போது நடந்தாலும் போங்கள். வாடகைதாரர்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். தற்போது வசிப்பவர்களில் எத்தனை குடும்பங்கள் திட்டம் முடிந்த ஐந்தாம் ஆண்டில் அங்கேயே இருக்கும், அதற்கு என்ன உறுதி என்று எழுத்தில் கேளுங்கள். வரைபடத்தில் மரங்களும் இருக்கைகளும் எத்தனை என்று எண்ணிச் சொல்பவர்கள் இதற்கும் எண்ணிச் சொல்லட்டும்.

கேள்வி: அதிகாரிகள் ‘ஆதாரம் கொண்டு வாருங்கள்’ என்கிறார்கள். கருவிகள் ஏதுமின்றி எங்களால் வேகத்தை அளக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
— கல்லூரி மாணவர்கள்

பதில்: அளவுநாடா, சுண்ணக்கட்டி, கைப்பேசியிலுள்ள நிறுத்துகடிகாரம் ஆகிய மூன்றும் போதும். தெருவில் நேரான பகுதியில் 50 மீட்டரை அளந்து இரு கோடுகள் போடுங்கள். ஒரு வண்டி அதை 6 நொடியில் கடந்தால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், நாலரை நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. நீங்கள் நிற்பது தெரிந்தால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே வாசற்கதவுக்கு உள்ளிருந்து அளவெடுங்கள். நூறு வண்டிகளாவது சேர்ந்தபின் வேகத்தின் ஏறுவரிசையில் அடுக்கி, 85ஆவது இடத்தில் நிற்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 85 பேர் தாண்டாத வேகம் அது. சாலைப் பொறியாளர்கள் சராசரியைவிட இந்த எண்ணையே கேட்பார்கள். பக்கத்துத் தெருக்களிலும் அளந்து வையுங்கள். இல்லையேல் பின்னால் ‘நெரிசலை எங்கள் பக்கம் தள்ளிவிட்டீர்கள்’ என்ற பழிக்கு விடை சொல்ல முடியாது.

அடுத்தது சோதனை. கற்களைப் பதிப்பதற்கு முன், உள்ளாட்சியின் அனுமதியுடன் தொட்டிகளையும் கூம்புகளையும் வைத்துச் சில வாரம் பாருங்கள்; தவறான இடத்தில் வைத்துவிட்டால் நகர்த்திவிடலாம். முதல் வாரத்துக் குழப்பத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். புதிய அமைப்புக்குப் பழக ஓட்டுநர்களுக்குச் சிறிது காலம் பிடிக்கும்.

எங்கிருந்து என்று கேட்டீர்கள். சந்திப்புகளிலிருந்து தொடங்குங்கள். தெருமுனையின் கடைசி ஐந்தாறு மீட்டரில் வண்டி நிறுத்தாமல் செய்தால், கடக்க நிற்கும் குழந்தையை ஓட்டுநரும், வரும் வண்டியைக் குழந்தையும் பார்க்க முடியும். இதற்கு வண்ணக்கோடும் சில தூண்களும் போதும். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோகன் நகரம் சந்திப்புகளில் இவ்வாறு பார்வையைத் திறந்துவிட்டதைத் தன் முக்கிய உத்தியாகக் கொண்டது. 2017 முதல் பல ஆண்டுகள் தொடர்ச்சியாக அங்கே ஒரு சாலை உயிரிழப்பும் நேரவில்லை. நெருக்கமாக மக்கள் வாழும் சிறிய நகரம்தான் அது.

மனு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘எங்களுக்கு இரண்டு வேகத்தடை வேண்டும்’ என்று கேட்டால், இரண்டு குட்டை மேடுகளைப் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். ‘எங்கள் தெருவில் இப்போது 85 விழுக்காட்டு வேகம் இவ்வளவு, இது 30ஆக வேண்டும், பணி முடிந்தபின் மீண்டும் அளந்து காட்ட வேண்டும்’ என்று கேளுங்கள். எந்த உத்தி என்பதைப் பொறியாளர் தேர்ந்தெடுக்கட்டும். மறு அளவீட்டுக்கான தேதியையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.